வலி சொல்லாத இதயம்

கேமரன் மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தே வயதான அம்மாக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல ஐயா" என்பார்கள். இடுப்பெலும்பு முறிந்து ஈப்போவுக்கு இறக்கி, ஆப்பரேஷன் முடிந்த மறுநாளும் அதே பதில்தான். குடும்பத்தார் என்னிடம் கேட்பது, "கால் எப்போ ஊன்றலாம்?" அந்த முதல் மூன்று நாள் என் கவலை கால் அல்ல, இதயம்.

ஆப்பரேஷன் எதுவானாலும் ரத்தம் இழக்கிறோம். ரத்த அழுத்தம் இறங்கும், நாடி வேகமெடுக்கும், ரத்தம் எளிதில் உறையும். ஏற்கெனவே குழாய் சுருங்கிய இதயத்துக்கு இது தாங்காது. தசை பாதிக்கப்பட்டால் டிரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். ஆனால் மார்பின் போன்ற வலிமருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது நெஞ்சுவலி எப்படித் தெரியும்? இ.சி.ஜி.யும் பல நேரம் காட்டிக்கொடுக்காது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவர் பி.ஜே. டெவெரோ தலைமையில் நடந்த 'விஷன்' ஆய்வு இதைத்தான் அளந்தது. மலேசியாவும் இந்தியாவும் அதில் பங்கேற்றன. இதயம் அல்லாத ஆப்பரேஷன் செய்துகொண்ட, 45 வயதுக்கு மேற்பட்ட 15,000-க்கும் அதிகமானோர். 2014-இல் வந்த முடிவு: 100-க்கு 8 பேருக்கு இதயப் பாதிப்பு. அவர்களில் 84 சதவீதத்தினருக்கு எந்த அறிகுறியும் இல்லை. பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் 30 நாளுக்குள் இறந்தார். மற்றவர்களில் அது நூற்றுக்கு ஒருவர் அளவே.

எல்லாருக்கும் இந்தச் சோதனை வேண்டாம். கண்புரைக்குத் தேவையே இல்லை. 65 வயதைத் தாண்டியவர், இனிப்புநீர் உள்ளவர், முன்பே இதயநோய் வந்தவர் பெரிய ஆப்பரேஷனுக்குப் போகும்போது கேளுங்கள். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டி, இத்தகையவர்களுக்கு ஆப்பரேஷனுக்கு முன்பும், பின் 24, 48 மணி நேரத்திலும் டிரோபோனின் பார்க்கச் சொல்கிறது. முன்பே பார்ப்பது முக்கியம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த எண் எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

கூடியிருந்தால்? பெரும்பாலும் ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் தருவார்கள். டாபிகாட்ரான் என்ற ரத்தம் உறையாமல் காக்கும் மருந்தும் உதவும் என 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. புண் ஆறாத நேரத்தில் ரத்தக்கசிவு பயம் உண்டு. அறுவை மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஈப்போவிலிருந்து மலையேறும் முன், டிரோபோனின் எண்களை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். மூச்சு வாங்கினால் தானா ராத்தா மருத்துவமனையில் முதலில் அதைக் காட்டுங்கள். அம்மா "ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும்.