குரங்குக்கு முறுக்குக் கொடுக்காதீர்கள்!

திருச்சி வாசகி ஒருவரின் கடிதம் பத்து நாளாக என் மேஜை மேலேயே இருக்கிறது. மகன் குடும்பம் அமெரிக்காவில். பேரனுக்கு ஆறு வயசு, பேத்திக்கு இரண்டு. “ஆகஸ்டில் எல்லோருமாகக் கோஸ்டா ரிகா போகலாம் என்று பையன் டிக்கெட்டே வாங்கிவிட்டான். கடற்கரையாம், காடாம், குரங்காம், ஆமையாம்! இதையெல்லாம் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? குழந்தைகளை வைத்துக்கொண்டு என்ன ஜாக்கிரதை வேணும்? கையில் என்ன பட்சணம் செய்து எடுத்துக்கொண்டு போகலாம்?” என்று கேட்டிருக்கிறார்.

மூன்றாவது கேள்விக்குத்தான் முதல் பதில். பட்சணம் தாராளமாகச் செய்யுங்கள் அம்மா. ஆனால் காட்டுக்குள் போகும்போது அதை ஹோட்டல் அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்!

ஊர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் சேர்க்கிற ஒடுங்கின நிலப் பகுதியில், நிகராகுவாவுக்கும் பனாமாவுக்கும் நடுவே இருக்கிற சின்ன தேசம் கோஸ்டா ரிகா. கிழக்கே கரீபியன் கடல், மேற்கே பசிபிக் சமுத்திரம். ராணுவமே வேண்டாம் என்று 1948-ல் கலைத்துவிட்டவர்கள். நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கைக் காட்டுக்கும் பிராணிகளுக்கும் என்று ஒதுக்கிப் பாதுகாக்கிறார்கள். பசிபிக் கரையில் எல்லோரும் முதலில் போகிற இடம் மானுவல் அன்டோனியோ தேசியப் பூங்கா. தேசப் படத்தில் விரலை வைத்து நேர் கோடாக நகர்த்திக்கொண்டே வந்தால் நம் ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அட்ச ரேகை ஏறக்குறைய அதேதான். ஆகவே வெயில் நமக்குப் பழகின வெயில், புழுக்கமும் பழகின புழுக்கம். அமெரிக்கக் குளிருக்குப் பழகின பேரன் பேத்திக்குத்தான் அது புதுசு. தொப்பி, மெல்லிசான முழுக்கைச் சட்டை, அடிக்கடி தண்ணீர்... இதை மறக்க வேண்டாம்.

இந்தப் பூங்கா ஏற்பட்டது 1972-ல். அந்த நாட்டுத் தேசியப் பூங்காக்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று. ஆனால் காடும் கடற்கரையும் ஒட்டி ஒட்டி இருக்கிற அழகு இருக்கிறதே, அதுதான் விசேஷம். நிழலில் நடந்துகொண்டே இருப்பீர்கள், திடீரென்று மரங்களுக்கு நடுவே வெள்ளை மணலும் நீலத் தண்ணீரும் தெரியும். கதீட்ரல் முனை என்று ஒரு குன்று. ஒரு காலத்தில் தனித் தீவாக இருந்து, மணல் சேர்ந்து சேர்ந்து கரையோடு ஒட்டிக்கொண்டதாம். டிக்கெட் முன்கூட்டியே வாங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. சாப்பாட்டுப் பொருள் உள்ளே கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள். பேத்திக்குப் பால் பாட்டில் வேண்டுமே என்றால் வாசலிலேயே காட்டிச் சொல்லிவிடுங்கள்.

ஏன் இத்தனை கெடுபிடி? வெள்ளை முகமும் கறுப்பு உடம்புமாக ஒரு ஜாதிக் குரங்கு அங்கே உண்டு. கபுச்சின் என்று பெயர். கெட்டிக்காரத்தனத்தில் நம் அழகர் மலைக் குரங்குகளுக்கு அண்ணன்! ஜிப்பை இழுத்துப் பையைத் திறக்கும். நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் துண்டை விலக்கிப் பிஸ்கட் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். மண்ணைத் துழாவிக்கொண்டு ரக்கூன்களும் வரும். வருஷக் கணக்காக வந்தவர்களெல்லாம் வாழைப்பழமும் சிப்ஸும் நீட்டி நீட்டிப் பழக்கிவிட்ட பழக்கம் இது.

நமக்கு இது மனசுக்குக் கஷ்டமான விஷயம்தான். காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் சாப்பிட உட்காராத வீடுகள் எத்தனை! “வாயில்லா ஜீவன், ஒரு முறுக்குக் கொடுத்தால் என்ன குறைந்துபோச்சு?” என்று தோன்றும். அதற்குக் குறைகிறது, அதுதான் சங்கதி. நம் கையில் இருக்கிற கிருமி அதற்குப் போகிறது. உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் அதன் வயிற்றுக்கு ஆகாது. மரத்துக்கு மரம் தாவிப் பூச்சியும் பழமும் தேடித் தின்ன வேண்டிய குட்டி, மனுஷாள் கையைப் பார்த்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிடும். கொடுக்காத நாளில் பிடுங்கும். பிடுங்குவது யாரிடம்? உயரத்தில் தனக்குச் சமமாக நிற்கிற இரண்டு வயசுக் குழந்தையிடம். அந்த நாட்டுச் சட்டத்திலேயே காட்டுப் பிராணிகளுக்குத் தீனி போடக் கூடாது என்றிருக்கிறது. கையில் பிடித்து, தோளில் ஏற்றிப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று 2019-ல் அரசாங்கமே ஒரு பிரசாரம் நடத்தியது.

தப்பித் தவறிக் குரங்கு கடித்துவிட்டாலோ, நகம் பட்டு ரத்தம் வந்தாலோ சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரை ஓடவிட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள் பொடி, சுண்ணாம்பு, காப்பிப் பொடி எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போய் வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசி தேவையா என்று கேளுங்கள். “சின்னக் கீறல்தானே, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்” என்பது இந்த விஷயத்தில் கூடவே கூடாது.

இன்னும் இரண்டு ஜாதிக் குரங்குகள் அங்கே உண்டு. ஊளைக் குரங்கின் சத்தத்தை விடியற்காலையில் முதல் தடவை கேட்டால் பெரியவர்களுக்கே தூக்கிவாரிப் போடும். பேரனிடம் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். இன்னொன்று உள்ளங்கையில் அடங்குமோ என்று தோன்றுகிற அணில் குரங்கு. கோஸ்டா ரிகாவில் இந்த மத்திய, தெற்குப் பசிபிக் கரைப் பக்கம்தான் உண்டு, வேறெங்கும் கிடையாது. சாலையைக் கடக்கும்போது வண்டியிலும் மின்சாரக் கம்பியிலும் அடிபட்டுச் சாகிறதே என்று, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டி விட்டிருக்கிறார்கள். வண்டியில் போகும்போது குழந்தைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஸ்லாத் என்கிற சோம்பேறி மகாராஜா. கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, ரோமத்தில் பாசி படர்ந்து, இலையோடு இலையாக இருப்பார். வாரத்துக்கு ஒரு தரம் காலைக் கடனுக்காக மட்டும் கீழே இறங்குவார்! தூரதரிசினி வைத்திருக்கிற வழிகாட்டியை அமர்த்திக்கொண்டால்தான் கண்ணில் படும். அந்தக் காசு வீணில்லை. நாமாகப் போனால் பச்சை இலையைப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான்.

மரம் என்றதும் ஒரு முக்கியமான எச்சரிக்கை. கடற்கரை ஓரமாகவே மான்சனில்யோ என்ற மரம் நிற்கும். சின்ன ஆப்பிள் மாதிரி பச்சைப் பழம், நல்ல வாசனை. ஆனால் அத்தனையும் விஷம். கள்ளியும் ஆமணக்கும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. கள்ளிப் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? இது அதைவிடக் கொடுமை. பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். பழத்தைக் கடித்தால் வாயும் தொண்டையும் வெந்து வீங்கிவிடும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் சொட்டுகிற தண்ணீரே பொல்லாதது. எச்சரிக்கைப் பலகை இருக்கும், ஆனால் இரண்டு வயசுக்குப் படிக்கத் தெரியுமா? கீழே கிடக்கிற எதையும் எடுத்து வாயில் வைக்காமல் பேத்தியை யாராவது ஒருவர் கண்ணிலேயே வைத்திருக்க வேண்டும். அதே கரையில் நம் நாட்டு வாதாம் மரமும் நிற்கிறது. ஆசியாவிலிருந்து போய் அங்கே குடியேறின மரம். பெரிய சிவப்புப் பஞ்சவர்ணக் கிளிகள் அதில் உட்கார்ந்து கொட்டையை உடைத்துத் தின்னும் காட்சியைப் பார்க்கவே கராரா பூங்காப் பக்கம் போகலாம். போகிற வழியில் டார்கோலஸ் ஆற்றுப் பாலத்தின் கீழே முதலைகள் வரிசையாகப் படுத்திருக்கும். பாலத்தின் மேலிருந்து பார்ப்பதோடு சரி. எந்த ஆறு கடலில் கலக்கிற இடத்திலும் குழந்தைகளை இறக்காதீர்கள்.

கடலைப் பற்றி. நம் மெரினாவில் ஏற்ற இறக்கத்துக்கும் தண்ணீர் மட்டம் ஒரு மீட்டர் போலத்தான் மாறும். அந்தக் கரையில் மூன்று மீட்டர் வரைகூட மாறும். காலையில் விளையாடின மணல் மத்தியானம் தண்ணீருக்கு அடியில்! உவிடா என்ற ஊரில் தண்ணீர் வற்றும்போது திமிங்கிலத்தின் வால் போலவே ஒரு மணல் திட்டு வெளியே தெரியும், அதில் நடந்து போகலாம். உங்கள் ஆகஸ்டு மாசத்தில் தெற்கேயிருந்து நிஜத் திமிங்கிலங்களும் குட்டி போட அந்தப் பக்கம் வருகின்றன. ஆனால் நீர் ஏறும் நேரத்தை விசாரிக்காமல் திட்டின் நுனிவரை போகக் கூடாது. அலை திரும்பும்போது ஆளை உள்ளே இழுக்கிற நீரோட்டமும் இந்தக் கரையில் உண்டு. சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். நீச்சல் தெரிந்தவர்கள் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரலாம். பேரனுக்கு முழங்கால் அளவு தண்ணீர் போதும், பக்கத்திலேயே அப்பா நிற்கணும்.

“அவ்வளவு தூரம் போகணுமா?” என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். ஆமைக்காகப் போகலாம் என்பது என் அபிப்பிராயம். நிகோயா தீபகற்பத்தில் ஓஸ்டியோனால் என்ற கடற்கரை. மழைக்கால மாதங்களில், பெரும்பாலும் தேய்பிறையை ஒட்டி, சில நாட்களுக்கு ஆமைகள் கூட்டம் கூட்டமாகக் கரையேறும். பத்து, நூறு இல்லை, பல்லாயிரக் கணக்கில்! அரிபாடா என்கிறார்கள், ‘வருகை’ என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால் இது நம் பங்குனி ஆமையேதான். சென்னையில் பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை ராத்திரியில் ஒன்றிரண்டாக வந்து முட்டையிட்டுப் போகிறதே, அதே ஜாதி. அந்த முட்டைகளைக் காப்பாற்ற மாணவர்கள் 1988-லிருந்து ராத்திரி ராத்திரியாக மணலில் நடக்கிறார்கள். நம் ஒரிஸாக் கரையிலும் பெருங்கூட்டமாக வருவதுண்டு.

தாய் ஆமை பின்னங்காலால் பள்ளம் தோண்டி நூறு முட்டை போல இடும். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழியும். பார்க்கிற பெண்களுக்கெல்லாம் “ஐயோ, பிரசவ வலி!” என்று தோன்றும். வலி இல்லை, உடம்பில் சேர்ந்த உப்பை அது வெளியேற்றுகிற வழி. பிறகு மணலை மூடி, தட்டிச் சமன் பண்ணிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சு வரும். மணலின் சூடு அதிகமானால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சு!

அந்தக் கிராமத்தார் முதல் சில நாட்களின் முட்டைகளில் ஒரு பங்கை எடுத்து விற்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு சமாதானம். முதல் நாள் ஆமை இட்ட முட்டையை மறுநாள் வருகிற ஆமையே தோண்டி உடைத்துவிடுகிறது, அது அழுகி மற்றதையும் கெடுக்கிறது. அதனால் எப்படியும் வீணாகிற முட்டையை எடுத்துக்கொள்ள 1987-லிருந்து சட்டமே இடம் கொடுக்கிறது. பதிலுக்குக் கிராமத்தார் கரையைச் சுத்தம் செய்து, திருடர்களிடமிருந்து காவல் காக்கிறார்கள்.

காவலுக்கும் ஒரு எல்லை உண்டு. 2015 செப்டம்பரில் ஒரு நாள் அந்தக் கரைக்கு ஜனக் கூட்டம் திரண்டுவிட்டது. ஆமைகளுக்கு நடுவே நடந்தார்கள், மறித்துக்கொண்டு நின்றார்கள். சில பெற்றோர் குழந்தைகளைத் தூக்கி ஆமை முதுகில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள்! எத்தனையோ ஆமைகள் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிட்டன. உலகம் பூராவும் பத்திரிகையில் அந்தப் படங்கள் வந்தன. வயிறு நிறைய முட்டையோடு இத்தனை தூரம் வந்து, இறக்கி வைக்க இடம் இல்லாமல் திரும்புவது என்றால் என்ன என்று நம்மில் யாருக்குத்தான் புரியாது?

ஆகவே உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். டார்ச்சோ, போட்டோ வெளிச்சமோ கூடாது. வழிகாட்டி கையில் சிவப்பு விளக்கு இருக்கும், அது போதும். குஞ்சு தள்ளாடிக்கொண்டு போகிறதே என்று பேரன் எடுத்துக் கடலில் விடப் போவான். விடாதீர்கள், தானே நடக்கட்டும். பேத்தி அழுதால் யாராவது தூக்கிக்கொண்டு பின்னால் போய்விடுங்கள்.

ஆகஸ்டு அங்கே மழைக்காலம். காலையில் பளிச்சென்று இருந்து, மத்தியானத்துக்கு மேல் கொட்டும். ஏழு மணிக்குக் கிளம்பி சாப்பாட்டு வேளைக்கு அறைக்குத் திரும்புகிற மாதிரி திட்டம் போடச் சொல்லுங்கள். டெங்கு கொசு உண்டு. வெயிலுக்கான களிம்பை முதலில் தடவி, அதன் மேல் கொசு மருந்து. சின்னக் குழந்தையின் உள்ளங்கையில் மட்டும் மருந்து வேண்டாம், வாயில் வைத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீர் பெரும்பாலான இடங்களில் குடிக்கத் தகுந்ததுதான், ஒதுக்குப்புறமான கிராமங்களில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். காலைப் பலகாரமே சாதமும் கறுப்புப் பீன்ஸும் கலந்து வதக்கினது. காய்யோ பின்டோ என்பார்கள். “சின் கார்னே” என்றால் மாமிசம் இல்லாமல் என்று அர்த்தம். பன்றிக் கொழுப்பில் வதக்கினார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். வாழைக்காயும் பப்பாளியும் அன்னாசியும் எங்கும் கிடைக்கும். ராத்திரி அறைக்குத் திரும்பினதும் உங்கள் முறுக்கு டப்பாவைத் திறக்கலாம். அப்போதும் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திறங்கள்!