விளையாட்டும் ஒரு படிப்பா?



கோடை விடுமுறை பிறந்துவிட்டால் பங்கு இல்லத்துக்கு இரு வகை வழக்குகள் வந்து சேரும். ஒன்று திருமணம் பற்றியது. மற்றது கல்லூரி பற்றியது. முன்னதற்குத் திருச்சபைச் சட்டம் இருக்கிறது. புத்தகத்தைப் புரட்டி விடை கூறிவிடலாம். பின்னதற்கு அப்படியொரு புத்தகம் இல்லை. ஆயினும் பெற்றோர் நம்மை விடுவதில்லை. எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி, பிறகு எந்த வேலை என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பார்கள்.

இவ்வாண்டு வந்தவற்றுள் ஒரு கேள்வி புதியது. பொழிச்சலூரில் குடியிருக்கும் குடும்பம். தந்தை பம்மலில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கெழுதுகிறவர். தாய் தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் தையல் வேலைக்குச் செல்கிறவர். மூத்த மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவெடுத்துத் தேறியிருக்கிறாள். பள்ளிக்காக மாவட்ட அளவில் வாலிபால் ஆடியவள். கனடாவில் ஸ்கார்பரோவில் வாழும் பெரியம்மா மகள் அங்கே ‘கினீசியாலஜி’ என்னும் படிப்பைப் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டு, தானும் அதனையோ விளையாட்டு மேலாண்மையையோ படிக்க வேண்டுமென்று நிற்கிறாள். தந்தையின் விருப்பம் பி.காம். “சாமி, விளையாடினது போதும், இனிமேல் படி என்கிறேன். விளையாட்டையே படிக்கிறேன் என்கிறாள். விளையாட்டும் ஒரு படிப்பா?” என்றார் அவர். இரண்டாவது பெண்ணும் ஒரு பையனும் பின்னால் இருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பட்டம் என்பதுதான் அவர் கைக்கு எட்டியது. அது தவறிப்போனால் மறுமுறை முயல வீட்டில் நகை இல்லை. ஆகவே அவருடைய கேள்வியைக் கிண்டல் என்று தள்ளுவதற்கில்லை.

முதலில் அந்த நீண்ட பெயரின் பொருளைப் பார்ப்போம். கிரேக்க மொழியில் அசைவுக்குரிய சொல்லிலிருந்து பிறந்தது அது. மனித உடலின் அசைவைப் பற்றிய அறிவியல். தமிழில் உடல் இயக்கவியல் எனலாம். இத்துறைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் பொரெல்லி என்னும் இத்தாலியக் கணித மேதை. அவர் தம் இறுதி நாட்களை உரோமையில் பியாரிஸ்ட் சபைத் துறவியரின் இல்லத்தில் கணிதம் கற்பித்துக் கழித்தார், 1679-இல் மறைந்தார். உயிரினங்களின் அசைவு பற்றிய அவருடைய பெருநூல் அடுத்த ஈராண்டுகளில் அச்சேறியது. எலும்புகள் நெம்புகோல்கள், மூட்டுகள் அவற்றின் தாங்குபுள்ளிகள், தசைகள் அவற்றை இழுக்கும் கயிறுகள் என்று கணக்கிட்டுக் காட்டினார் அவர்.

இதனை நம் தாய்மார்கள் தங்கள் கையிலேயே சோதித்துக்கொள்ளலாம். பத்துக் கிலோ எடையுள்ள தண்ணீர் வாளியை முழங்கையை மடக்கி ஏந்தி நிற்கும்போது, மேற்கைத் தசை பத்துக் கிலோ விசையால்தான் இழுக்கிறது என்று நினைப்போம். அந்தத் தசை முழங்கை மூட்டுக்கு மிக அருகில் பொருந்தியிருக்கிறது. வாளியோ முழங்கையினின்று ஒரு முழம் தள்ளியிருக்கிறது. ஆதலால் தசை ஏழெட்டு மடங்கு விசையோடு இழுத்தாக வேண்டும். அதே வாளியைக் கையை நீட்டித் தொங்கவிட்டுத் தூக்கினால் அச்சுமை பெரிதும் குறைகிறது. இத்தகைய கணக்குகளே அப்படிப்பின் அரிச்சுவடி.

வாலிபால் ஆடும் பெண்கள் துள்ளிப் பந்தை அடித்துவிட்டுத் தரையிறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடங்கினால், மூட்டுக்குள் குறுக்கே ஓடும் ‘லிகமென்ட்’ என்னும் தசைநார் அறுந்துபோகும். ஆடவரைக் காட்டிலும் பெண்களுக்கு இக்காயம் பன்மடங்கு மிகுதி என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. தரையிறங்கும் முறையை ஒழுங்காகப் பயிற்றுவித்தால் இதனைப் பெருமளவு தவிர்க்கலாம் என்பதும் தெளிவாகியிருக்கிறது. இதனைக் கேட்டதும் அந்தப் பெண், “எங்கள் அணியில் ஒருத்திக்கு அப்படித்தான் ஆயிற்று, ஃபாதர். அதற்குப் பிறகு அவள் ஆடவே இல்லை” என்றாள். தந்தை அதுவரை மகளுடைய விளையாட்டைப் பொழுதுபோக்காகவே கருதியிருந்தார் போலும்; சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விளையாட்டு மேலாண்மைக்கும் அயல்நாட்டு உதாரணம் தேவையில்லை. 2022-ஆம் ஆண்டு உக்ரைன் போரின் காரணமாகச் செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவை விட்டு விலக்கப்பட்டு, நம் மாமல்லபுரத்துக்கு வந்தது. மார்ச்சில் முடிவாயிற்று, ஜூலை இறுதியில் தொடங்கியாயிற்று. 180-க்கு மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்களுக்கு அறை, உணவு, விசா, பேருந்து, நடுவர், மருத்துவர், பத்திரிகையாளர் இடம் என அத்தனையும் நான்கே மாதங்களில் ஒழுங்காயின. காய் நகர்த்தியவர்களின் பெயர்கள் செய்தித்தாளில் வந்தன. இவற்றைச் செய்தவர்களின் பெயர்கள் வரவில்லை. ஆனால் அது ஒரு தொழில்; கணக்கும் ஒப்பந்தமும் சட்டமும் தெரிந்தவர் செய்ய வேண்டிய தொழில்.

திருச்சபையும் உடலை இகழ்ந்ததில்லை. புனித சின்னப்பர் கொரிந்து நகரத்தாருக்கு எழுதுகையில் பந்தய வீரரின் கடும் பயிற்சியையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். அந்நகருக்கு அருகில்தான் இஸ்த்மியப் போட்டிகள் நடந்துவந்தன. ஒலிம்பிக் இயக்கம் தன் முழக்கமாக ஏற்ற, விரைவையும் உயரத்தையும் வலிமையையும் குறிக்கும் மூன்று இலத்தீன் சொற்களைக் கொடுத்தவர் டிடோன் என்னும் தோமினிக்கன் சபைக் குருவானவர். 1891-இல் பள்ளி மாணவரின் விளையாட்டு விழாவில் அவர் சொன்னதை நண்பர் கூபர்டின் எடுத்துக்கொண்டார். பூந்தமல்லி குருமடத்தில் நாம் படித்த நாளில் மாலை ஆட்டம் கால அட்டவணையில் கட்டாயப் பாடமாகவே இருந்தது. இறையியலில் பின்தங்கியவர்கள் கால்பந்தில் முந்திக்கொள்வதும் உண்டு. யார் யார் என்பதனை இங்கே எழுதப் போவதில்லை.

நம் நாட்டில் இது படிப்பாக மாறிய கதையும் சென்னையிலேயே தொடங்குகிறது. பழைய நாளில் பள்ளிகளில் இருந்தவர் ‘டிரில் மாஸ்டர்’. பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வலம் திரும்பு, இடம் திரும்பு என்பதுதான் பாடம். அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இயங்கிவருகிற கல்லூரி அது. உடற்கூறும் உடலியங்கியலும் கற்றவரே விளையாட்டு ஆசிரியராக வேண்டும் என்பது அவர் கொள்கை. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியின் மேலாளரும் அவரே. இன்று தாம்பரத்துக்குத் தெற்கே, வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலையில், மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. உடற்கல்வி, உடற்பயிற்சி உடலியங்கியல், உயிர் இயக்கவியல், விளையாட்டு உளவியல், விளையாட்டு மேலாண்மை, யோகா ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. பொழிச்சலூரிலிருந்து பல்லாவரம் சென்று, வண்டலூரில் பேருந்து மாறினால் போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். விண்ணப்பம் வாங்குமுன் பெற்றோர் ஒருநாள் போய் மைதானத்தையும் ஆய்வகத்தையும் பார்ப்பது சிலாக்கியம். இதனையும் செய்யாமல் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுக் கல்லூரி தேர்ந்தவர்கள் பலர்.

இனி நாம் சற்றே நின்று பேச வேண்டிய இடம். இத்துறையில் பட்டத்தின் பெயர்தான் எந்தக் கதவு திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பிளஸ் டூ முடித்தவர் சேரக்கூடிய உடற்கல்விப் பட்டம் மூன்று ஆண்டு, பி.பி.இ.எஸ். என்பார்கள். அதை முடித்தவுடன் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகிவிடலாம் என்று எண்ணுவோர் மிகப் பலர். ஆக முடியாது. அதற்கு மேல் பி.பி.எட். என்னும் ஈராண்டு ஆசிரியப் பட்டம் வேண்டும். மூன்றும் இரண்டும் ஐந்து. கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக வேண்டுமாயின் எம்.பி.எட். ஈராண்டும், அதன் பிறகு தேசியத் தகுதித் தேர்வோ மாநிலத் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். மூன்றாண்டுக்குப் பணம் திரட்டிய தந்தை, மூன்றாம் ஆண்டின் முடிவில்தான் இன்னும் ஈராண்டு என்று அறிவாரானால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? பெரும்பாலும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். படிப்பு பாதியில் நின்ற கதைகளில் பாதி இப்படி நின்றவை.

பி.பி.எட். வகுப்பில் சேர உடற்கல்விப் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. எந்தப் பாடத்திலும் பட்டம் பெற்று, ஐம்பது விழுக்காடு மதிப்பெண்ணும் கல்லூரிகளுக்கிடையேயான போட்டி போன்றவற்றில் ஆடிய சான்றும் உடையவர் விண்ணப்பிக்கலாம்; உடல் தகுதித் தேர்வும் உண்டு. அப்படியானால் தந்தை கேட்கும் பி.காமும் மகள் கேட்கும் மைதானமும் ஒன்றையொன்று வெட்டுவன அல்ல. நல்ல மைதானமும், வீராங்கனைகளை விடாமல் ஆட அழைத்துச் செல்லும் இயக்குநரும் உள்ள கல்லூரியில் பி.காம். சேர்ந்து, மூன்றாண்டும் அணியில் நீடித்தால், ஆசிரியப் பட்டத்தின் வாயிலும் திறந்திருக்கும். விளையாட்டு மேலாண்மையில் முதுநிலை படிக்கவும் கணக்கறிவு கைகொடுக்கும். காலில் காயம் பட்டு ஆட்டம் நின்றாலும் பிழைக்க ஒரு தொழில் மிஞ்சும். ஆனால் அணியில் இடம் கிடைக்கவில்லையென்றாலோ, செமஸ்டர் தேர்வுக்கு அஞ்சி ஆட்டத்தை விட்டாலோ, அந்த வாயில் மூடிவிடக்கூடும். அந்த ஆபத்து பி.பி.இ.எஸ். படிப்பில் இல்லை. இதனை மகளிடமும் மறைக்காமல் கூறினோம்.

மறுபுறம், உடல் இயக்கவியலை ஆழ்ந்து கற்று அடிபட்டவரை நடக்க வைக்க வேண்டும் என்னும் ஆசையுள்ளவருக்குரிய வழி வேறு. அது பிசியோதெரபி. அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். வணிகவியல் எடுத்தவருக்கு அக்கதவு அடைபட்டது. விளையாட்டு அறிவியல் பட்டம் பெற்றவர் பிசியோதெரபிஸ்ட் என்று பலகை மாட்டிக்கொள்ளவும் கூடாது. கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் ‘கினீசியாலஜிஸ்ட்’ என்பது 2013 முதல் அரசு ஒழுங்குமுறையில் பதிவு பெற்றவர் மட்டுமே செய்யும் சுகாதாரத் தொழில். நம் நாட்டில் அப்பெயரில் அவ்வாறு தனியே ஒரு தொழில் அமையவில்லை. ஸ்கார்பரோ பெண்ணின் பட்டம் அங்கே தரும் வேலையை, அதே பெயருள்ள பட்டம் இங்கே தரும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்போர் இதனைக் குறித்துக்கொள்வார்களாக. பதினொன்றாம் வகுப்பில் பிரிவு தேர்வதோடு பாதி வழி முடிவாகிவிடுகிறது.

பயிற்சியாளராக விரும்புவோர்க்குப் பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ உண்டு. அங்கே மதிப்பெண்ணைவிட ஆடிய தரத்தைப் பார்ப்பார்கள். நட்சத்திர விடுதியில் கூட்டம் போட்டு, வெளிநாட்டுப் பெயரைச் சொல்லி, விளையாட்டு மேலாண்மைக்கு இலட்சங்கள் கேட்கும் நிறுவனங்களைப் பற்றி ஒரு சொல்: பட்டம் வழங்கும் உரிமை சட்டப்படி பல்கலைக்கழகத்துக்கே உரியது. சான்றிதழில் கையொப்பமிடப் போகும் பல்கலைக்கழகம் எது, அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். சேர்க்கை விதிகள் அவ்வப்போது மாறுவன. சென்ற ஆண்டின் விளம்பரத்தை நம்பாமல் இவ்வாண்டின் கையேட்டையே பாருங்கள்.

தந்தைக்கு இன்னும் ஓர் அச்சம் இருந்தது. வெளியூர்ப் போட்டி, இரவுப் பயணம், பெண்பிள்ளை. அவர் மனத்தில் இருந்ததை நாம் குறை கூறவில்லை. அணியுடன் பெண் ஆசிரியர் ஒருவர் செல்கிறாரா, தங்குமிடம் எது என்று கல்லூரியைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு, கேட்கவும் வேண்டும். தாய் அதுவரை வாய் திறக்கவில்லை. “நான் இரவு ஷிப்டு முடித்து வருகிறேனே, அதற்கு யாரும் பயப்படவில்லையே” என்று மெல்லச் சொன்னார். அதன் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

இரண்டு விண்ணப்பங்கள் போடுவது என்று முடிவாயிற்று: ஒன்று பி.காம்., மற்றது பி.பி.இ.எஸ். எதில் முதலில் இடம் கிடைத்தாலும், ஐந்தாண்டுக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்த பின்னரே பணம் கட்டுவதாகத் தந்தை கூறியிருக்கிறார்.

புறப்படும்போது மகள் காட்டிய போட்டிச் சான்றிதழ்களில் ஒன்றில் நடத்திய சங்கத்தின் முத்திரையே இல்லை. மற்றொன்றில் ஆண்டு எழுதப்படவில்லை. பின்னாளில் இடத்துக்கோ அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கோ நீட்டும்போது இத்தகைய தாள் செல்லாது. போட்டி முடிந்த அன்றே போட்டியின் பெயர், இடம், நாள், முத்திரை, கையொப்பம் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது ஆற்றோரத்தில் இருந்தவர்கள் கட்டிலடியில் வைத்திருந்த பத்திரங்களை இழந்ததை நாம் மறக்கவில்லை. சான்றிதழ்களை நெகிழி உறையிலிட்டுப் பரண்மேல் வையுங்கள். இரண்டு செட் ஜெராக்ஸ் எடுங்கள். வீட்டில் இடமில்லாதவர்கள் ஒரு செட்டைப் பெயரெழுதிய உறையில் பங்கு இல்லத்தில் கொடுக்கலாம். மாடி அறை அலமாரியில் ஒரு தட்டை இதற்கென ஒதுக்கியிருக்கிறோம்.