பக்கவிளைவே இல்லை என்பவர்களிடம் சில கேள்விகள்

சென்ற ஆண்டு அம்மாவின் முகம் உப்பத் தொடங்கியபோது தோட்டத்தில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். "இப்பதான் அக்கா முகத்துல களை வந்துருக்கு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. அம்மாவுக்கும் பெருமைதான். பஹாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் உழைத்து முட்டி தேய்ந்துபோன மனுஷி, கைப்பிடியைப் பிடிக்காமல் கோயில் படி ஏறினார். நான் படித்தவன், பொறியாளன். நானும் அதை ஆரோக்கியம் என்றுதான் நினைத்தேன்.

காரணம் ஒரு காப்சூல். கோயில் திருவிழாக் கூடாரத்தில் வாங்கியது. டப்பா 80 வெள்ளி. மேலே ஒரு சித்தர் படம், கீழே "100% இயற்கை, பக்கவிளைவு அற்றது". என்ன மூலிகை, எத்தனை மில்லிகிராம், யார் தயாரித்தது, ஒன்றும் இல்லை. ஒரு கைப்பேசி எண் மட்டும். மூன்றே நாளில் வலி போனது. ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டார். பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை, மருந்தும் நின்றது. இரண்டு வாரம் கழித்து வாந்தி, மயக்கம். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் எண்பதுக்குக் கீழே இருந்தது.

"வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று டாக்டர் மலாயில் கேட்டார். அம்மா இல்லை என்றார். பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லை, மூலிகை. நான் போய் டப்பாவை எடுத்து வந்தேன். பரிசோதித்ததில் உள்ளே இருந்தது டெக்ஸாமெத்தசோன். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஸ்டீராய்டு. முகத்தில் வந்தது களை அல்ல, வீக்கம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை நிறுத்திவிட்டது. மாத்திரையைத் திடீரென்று விட்டதும் கைகொடுக்க உள்ளே எதுவும் இல்லை. இடையில் சர்க்கரையும் ஏறியிருந்தது.

ஆக, "இங்கிலீஷ் மருந்து வேணாம்" என்று ஓடிய என் அம்மா ஆறு மாதம் சாப்பிட்டது இங்கிலீஷ் மருந்துதான். அளவு தெரியாமல், பெயர் தெரியாமல், எப்படி நிறுத்துவது என்று சொல்ல ஆள் இல்லாமல்.

இதைச் சொன்னால் நண்பர்கள் இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள்.

முதல் பதில்: "அது போலி. உண்மையான மூலிகை ஒண்ணும் செய்யாது." அப்படியா? ஆடுதின்னாப்பாளை நம் மூலிகைதான். ஆடே தின்னாது என்று பெயரிலேயே எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். அதன் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. சீன மூலிகை ஒன்றுக்குப் பதிலாக, பெயர் ஒத்திருந்த இன்னொன்று கலந்துவிட்டது. அந்த இன்னொன்று ஆடுதின்னாப்பாளையின் உறவுச் செடி. பலருக்குப் பின்னாளில் புற்றுநோயும் வந்தது. கேடு செய்த அந்த அமிலம் வந்தது இயற்கையான ஒரு செடியிலிருந்துதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கவிளைவு இல்லை என்று நம் சித்த மரபு ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பத்தியம் எதற்கு? சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொடக் கூடாது என்ற விதி எதற்கு? பாதரசமும் கந்தகமும் கையாண்டவர்களுக்கு நஞ்சு என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. "எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்" என்பது சித்தர் வாக்கு இல்லை, விற்பனையாளர் வாக்கு. படம் மட்டும்தான் சித்தருடையது.

தயாரிப்பில் கவனம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்திருந்தார்கள். 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்தது. ஐந்தில் ஒன்று.

இரண்டாவது பதில்: "இங்கிலீஷ் மருந்து மட்டும் ஆளைக் கொல்லலையா?" கொன்றிருக்கிறது. அம்மாவைப் போன்ற மூட்டுவலிக்காரர்களுக்காகவே 1999இல் வயோக்ஸ் என்ற மாத்திரை வந்தது. மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2004இல் உலகம் முழுக்க அது திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் சாப்பிட்டிருந்தார்கள். மருந்துக் கம்பெனிகளை நான் புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஆபத்து எப்படித் தெரியவந்தது? ஆயிரக்கணக்கானோரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் வெறும் மாத்திரை கொடுத்து எண்ணினார்கள். எண்ணியதால் தெரிந்தது. திருவிழாக் கூடாரத்துக் காப்சூலால் எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள் என்று யார் எண்ணினார்கள்? எண்ணாததைத்தான் "பக்கவிளைவே இல்லை" என்று விற்கிறார்கள்.

நான் செனவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஐந்து காசு பெறாத ஒரு பாகம் பழுதானால்கூட எந்த லாட், எந்த நாள், எந்த மெஷின் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவோம். என் அம்மா விழுங்கியதற்கு லாட் எண் கிடையாது. என் வாதம் இவ்வளவுதான். இது செடிக்கும் மாத்திரைக்கும் சண்டை இல்லை. கெட்டால் பதில் சொல்ல ஆள் உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மினின் பூர்வீகமும் ஐரோப்பியக் கிராமங்களின் ஒரு செடிதான். அதன் நஞ்சைக் கழித்து, அளவைக் கண்டுபிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த மாத்திரையைத்தான் "கெமிக்கல்" என்று நம் பெரியவர்கள் குப்பையில் போடுகிறார்கள்.

கெமிக்கல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அம்மா வெளிக்காட்டில் பல வருடம் முதுகில் தோம்பு சுமந்து பாராகுவாட் தெளித்தார். தோட்டத்தில் அந்த வேலைக்குப் பெயர் "மருந்தடிக்கிறது". அந்த மருந்தை 2002இல் தடை செய்து, 2006இல் மறுபடி அனுமதித்து, 2020இல்தான் முழுதாக நிறுத்தினார்கள். அப்போதெல்லாம் "இது கெமிக்கல், ஆபத்து" என்று எந்த இயற்கைவாதியும் எங்கள் லயத்துக்கு வந்து சொன்னதில்லை. முட்டி போனபிறகு காப்சூலோடு வந்தார்கள்.

ஆனால் ஏன் அம்மா அங்கே போனார்? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு "படிக்காத சனம்" என்று கேலி செய்பவர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு மருந்து கிடைக்கிறது, உண்மை. ஆனால் தோட்டத்து டிரஸ்ஸர் காலம் முடிந்துவிட்டது. பஸ் இல்லை. காலை ஆறு மணிக்கு வரிசை, இரண்டு நிமிடம் டாக்டர், அரைகுறை மலாயில் பதில். கூடாரத்துக்காரர் "உக்காருங்கக்கா" என்று நாற்காலி போட்டு இருபது நிமிடம் தமிழில் பேசினார். முட்டியைத் தொட்டுப் பார்த்தார். அம்மா வாங்கியது காப்சூலை மட்டுமல்ல, அந்த இருபது நிமிடத்தையும்தான். அதை அரசாங்கமும் தரவில்லை. வாரக் கடைசியில் மட்டும் வந்துபோன மகனும் தரவில்லை.

இந்த நாட்டில் பாரம்பரிய மருந்துகளும் பதிவு செய்யப்பட வேண்டும். டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கமும், கடைசியில் பாரம்பரியத்தைக் குறிக்கும் டி எழுத்தும் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தட்டினால் பெயர் வர வேண்டும். அது நோய் தீரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பாதுகாப்பும் தரமும் பார்க்கப்பட்டன என்பதற்கு மட்டுமே. எண் இல்லையென்றால் அந்த உத்தரவாதமும் இல்லை.

அம்மா இப்போது ஸ்டீராய்டைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வருகிறார். முட்டிவலி திரும்பிவிட்டது. இந்த வருடத் திருவிழாவிலும் கூடாரம் இருந்தது. ஆள் வேறு, டப்பா வேறு, சித்தர் அதேதான். எம்.ஏ.எல். எண் கேட்டேன். "தம்பி படிச்சவர்போல" என்று சிரித்தார். கோயில் கமிட்டித் தலைவரிடம் போனேன். "வாடகை முந்நூறு வெள்ளி குடுக்கிறாங்கப்பா, அன்னதானத்துக்கு ஆவுது" என்றார்.

கோயில் கமிட்டிகளுக்கு என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். எண் இல்லாத மருந்துக்கு இடம் வாடகைக்கு விடாதீர்கள். அந்த முந்நூறு வெள்ளியை நான் தருகிறேன்.