தங்கத்துக்கு முத்திரை உண்டு, தூசிக்கு?

தங்கவயலில் பிறந்தவர் எவருக்கும் சயனைடு மேட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாரிக்குப்பம் ரயிலில் வந்திறங்கும் வெளியூர்க்காரர் அதைப் பார்த்து மலை என்பார். நம் பாட்டனும் தகப்பனும் பாதாளத்திலிருந்து வெட்டி மேலேற்றிய கல் அது. ஆலையில் மாவாக அரைபட்டு, சயனைடு நீரில் தங்கத்தைப் பறிகொடுத்து, வெறும் மண்ணாக வந்து குவிந்தது.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த நாள் முதல், 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட நாள் வரை, 800 டன்னுக்கும் மேலான தங்கம் இங்கிருந்து போயிற்று. போன தங்கத்துக்குக் கணக்கு இருக்கிறது. நின்றுவிட்ட கழிவோ 13 மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன், ஆயிரம் ஏக்கருக்கு மேல்!

ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, இந்த மேட்டு மண் பறக்கிறது. லயன் வீட்டுக் கூரையிலும், மூடி வைத்த குடத்திலும், குழந்தையின் தட்டிலும் படிகிறது. மழை வந்தால் கரைந்து ஓடையில் இறங்குகிறது.

"சயனைடு வெயிலில் முறிந்துபோகும், அச்சம் வேண்டாம்" என்பார்கள். வெயிலும் காற்றும் பட்டால் நாளடைவில் சயனைடு பெரிதும் முறியும் என்பது உண்மையே. மாவாக அரைபட்ட சிலிக்கா முறியுமா? கல்லோடு வந்த கந்தகக் கனிமங்கள் மழைநீர் பட்டு அமிலமாவதை வெயில் தடுக்குமா?

சிலிக்கா தூசி நுரையீரலை என்ன செய்யும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சிலிகோசிஸ் நோய்க்கு நஷ்டஈடு தர 1940-லேயே மைசூர் அரசு விதி செய்தது, இந்தச் சுரங்கங்களின் பொருட்டுத்தான். ஆனால் அந்த விதி தொழிலாளிக்கு. மேட்டின் அடிவாரத்தில் விளையாடும் குழந்தை எந்த மஸ்டர் ரோலிலும் இல்லையே! அதன் மூச்சுக்கு எந்த விதி?

2021 முதல் நகைக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயமாக்கப்பட்டு வருகிறது. வாங்குபவர் ஏமாறக்கூடாதாம். நல்லது, வரவேற்கிறோம். தங்கத்தில் எத்தனை பங்கு செம்பு என்று சோதிக்கத் தெரிந்த நாட்டில், அதைத் தோண்டியவன் வீட்டுக் காற்றில் எத்தனை பங்கு தூசி என்று சோதித்து ஊரறியச் சொல்வது ஆகாத காரியமா?

இப்போது பிரச்சினை புதிய கட்டத்தை அடைந்திருக்கிறது. இந்த 13 மேடுகளையும் மறுபடி அகழ்ந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. வேலை வருமென்றால் நாம் குறுக்கே நிற்பவர்கள் அல்லர். ஆனால் உறங்கும் தூசியை எழுப்புமுன் ருமேனியாவை நினைக்கவேண்டும். அங்கே பாயா மாரே நகரில் இதே போலப் பழைய கழிவிலிருந்து தங்கம் எடுத்த ஆலையின் தேக்கம் 2000 ஜனவரி 30-ல் உடைந்தது. சுமார் ஒரு லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் ஆற்றில் பாய்ந்து, எல்லை கடந்து ஹங்கேரியின் மீன்களையும் அழித்தது.

எனவே நாம் கேட்கிறோம்:

மண்வெட்டி விழுமுன் காற்றையும் கிணற்று நீரையும் சோதித்து, முடிவைக் கன்னடத்திலும் தமிழிலும் வெளியிடுக.

மேட்டருகே வாழும் ஒவ்வொருவருக்கும், குறிப்பாக முன்னாள் சுரங்கத் தொழிலாளருக்கு, இலவச நுரையீரல் பரிசோதனை நடத்துக.

தூசியை அடக்கவும் கழிவுநீரைத் தடுக்கவும் செய்துள்ள ஏற்பாட்டை ஊர்க்கூட்டத்தில் விளக்குக.

வரும் வேலையில் பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு முதலிடம் தருக.

தோழர்களே, கட்சி எதுவாயினும், பேட்டை எதுவாயினும், சுவாசிக்கும் காற்று ஒன்றுதான். தங்கம் போனபோது நம்மைக் கேட்கவில்லை. இம்முறை கேட்காமல் விடமாட்டோம் என்று ஒரே குரலில் சொல்வோம்.