பாட்டி மறைக்கலாமா?

எலவனாசூர்கோட்டையானாலும் சரி, கல்வராயன் மலைக் கிராமமானாலும் சரி, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள் பெரும்பாலும் பாட்டிதான்.

ஆண் குழந்தைக்குச் சிறுநீர் நுனியில் வராமல் அடிப்பக்கத்தில் வருகிறதா? அது அவள் கண்ணில்தான் முதலில் படும். "வெளியே சொல்லாதே, வளர்ந்தால் சரியாகிவிடும்" என்பாள்.

தானாகச் சரியாகாது!

இந்தப் பிறவிக் குறைக்கு "ஹைப்போஸ்பேடியாஸ்" என்று பெயர். ஏறக்குறைய 300 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. இது தாய் செய்த பாவம் அல்ல. கிரகண தோஷமும் அல்ல. கருவில் சிறுநீர்க் குழாய் முழுதாக மூடாமல் போனதால் வந்தது.

லேசான குறையானால் விட்டுவிடலாம். மற்றவற்றுக்கு ஆபரேஷன்தான் வழி. 6 மாதம் முதல் 18 மாதம் வரை அதற்கு ஏற்ற வயது.

ஹார்மோன் எதற்கு?

சில குழந்தைகளுக்கு உறுப்பு மிகச் சிறியதாக இருக்கும். தையல் போட இடம் போதாது. அவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன் "டெஸ்டோஸ்டிரோன்" என்ற ஆண் ஹார்மோனை ஊசியாகவோ களிம்பாகவோ டாக்டர் கொடுப்பார். உறுப்பு சற்று வளரும்.

"பிள்ளைக்கு இப்போதே மீசை முளைத்துவிடுமோ?" என்று பயப்பட வேண்டாம். உறுப்பைச் சுற்றிச் சிறு முடி வளரலாம், தோல் கறுக்கலாம், உறுப்பு அடிக்கடி விறைக்கலாம். மருந்தை நிறுத்தியபின் இவை பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆனால், ஹார்மோன் கொடுத்தால் தையல் விடவே விடாது என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆராய்ச்சியாளர்களே இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆகவே, "எல்லாருக்கும் வேண்டும்" என்பதும் தவறு. "யாருக்குமே வேண்டாம்" என்பதும் தவறு. இதுவே நம் கருத்து.

குழந்தையைப் பரிசோதித்த டாக்டர் முடிவு சொல்லட்டும். பெற்றோர் மூன்று கேள்வி கேட்கட்டும். என் பிள்ளைக்கு இது ஏன் தேவை? எத்தனை முறை? நிறுத்தி எத்தனை நாள் கழித்து ஆபரேஷன்?

கடையில் நீங்களாகக் களிம்பு வாங்கித் தடவாதீர்கள்! விரைகளும் இறங்காமல் இருந்தால், முதலில் பரிசோதனை, மற்றதெல்லாம் பிறகுதான்.

இன்னொன்று. ஆபரேஷனுக்கு முன்தோல் தேவைப்படும். சுன்னத் செய்யும் குடும்பத்தார், அதற்கு முன்பே குழந்தையை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எங்கே காட்டுவது?

கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. முதலில் அங்கே காட்டலாம். தேவையானால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும், புதுச்சேரி ஜிப்மரும் இருக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு நின்று சிறுநீர் கழிக்கக் கூசி, ஒதுங்கி நிற்கும் சிறுவனின் வேதனை பாட்டிக்குத் தெரியாது. தெரிந்தால், பேரனைத் தூக்கிக்கொண்டு அவளே முதல் பஸ் ஏறுவாள்!