ரீஃபர்பிஷ்டு லென்ஸ்... வாங்கலாமா, வேண்டாமா?

தை பிறந்துவிட்டால் மதுரைக் கல்யாண மண்டபங்களில் கேமராக்களுக்கு ஓய்வே கிடையாது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும் அந்த அரை நிமிடத்தைப் பிடிக்க மேடையோரம் நாலைந்து பேர் முட்டி மோதுவார்கள். அதில் ஒருவர் தொழிலுக்குப் புதியவராக இருப்பார். கேமரா சொந்தம், லென்ஸ் வாடகை. ‘சொந்தமா ஒரு நல்ல லென்ஸ் இருந்தா...’ என்ற கணக்கு அவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். புது லென்ஸின் விலையைப் பார்த்தாலோ தலை சுற்றும். சரியாக அந்த நேரத்தில்தான் போன் திரையில் விளம்பரம் வந்து நிற்கும்: ‘ரீஃபர்பிஷ்டு. புதுசு போலவே இருக்கும். விலை முப்பது சதவிகிதம் குறைவு!’

கே.கே. நகரில் அப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகள் கல்லூரி முடித்து போட்டோகிராபியில் இறங்கியிருக்கிறாள். அப்பா ஓய்வுபெற்றவர். புது லென்ஸ் 60,000 ரூபாய், ரீஃபர்பிஷ்டு 42,000 ரூபாய். எதை வாங்கினாலும் அம்மாவின் வளையல் அடகுக்குப் போக வேண்டும்.

“ஏன் தாயி, எவனோ ஆண்டு அனுபவிச்சதை நாம ஏன் வாங்கணும்?” என்கிறார் அப்பா.

“அப்பா, நம்ம வீட்டு டூவீலரே செகண்ட் ஹேண்ட்தானப்பா. பத்து வருஷமா ஓடலையா?” என்கிறாள் மகள்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்த டூவீலரை வாங்கும்போது அப்பா தனியாகப் போகவில்லை, தெரிந்த மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போனார். லென்ஸுக்கு அந்த மெக்கானிக் யார் என்பதுதான் இங்கே கேள்வி.

ஒரே சொல், பல அர்த்தம்

‘ரீஃபர்பிஷ்டு’ என்றால் பழுது பார்த்து, சோதித்து, மறுபடி விற்பனைக்கு வந்த பொருள். ஆனால், பழுது பார்த்தது யார் என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை.

அமெரிக்காவில் கேனான் நிறுவனம் தன் சொந்த இணையக் கடையிலேயே ரீஃபர்பிஷ்டு லென்ஸ்களை ஒரு வருட வாரன்ட்டியோடு விற்கிறது. தயாரித்தவரே திரும்ப வாங்கி, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுத் தருவது போன்றது இது. நம் ஊரில் இந்தப் பெயரோடு வருவது பெரும்பாலும் தனிக் கடைகளும் இணையதளங்களும் விற்கும் பொருட்கள்தான். அவர்களில் லென்ஸைத் திறந்து, சுத்தம் செய்து, சோதித்துப் பார்த்து விற்பவர்களும் உண்டு. மேலே இருக்கும் தூசியைத் துடைத்து, புது மூடி மாட்டி, விலையை ஏற்றி விற்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியது அல்ல. “இதுல என்ன வேலை பார்த்தீங்க?” என்பதுதான். ‘ஆட்டோ ஃபோகஸ் மோட்டார் மாத்தினோம்’, ‘உள்ளே பூஞ்சை இருந்தது, எடுத்தோம்’ என்று பதில் தெளிவாக வந்தால் மேற்கொண்டு பேசலாம். ‘எல்லாம் செக் பண்ணியாச்சு’ என்ற ஒற்றை வரி மட்டும் வந்தால், அது செகண்ட் ஹேண்ட் பொருள் என்றே நினைத்துக்கொண்டு விலை பேச வேண்டும்.

சுழி பார்ப்பது எப்படி?

அலங்காநல்லூர் பக்கம் மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். லென்ஸுக்கும் சுழி உண்டு. அதைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை, கையில் இருக்கும் செல்போன் டார்ச்சே போதும்.

லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றிவிட்டு, பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார்க்க வேண்டும். பிறகு திருப்பிப் பிடித்து ஒருமுறை பார்க்க வேண்டும். உள்ளே நாலைந்து தூசித் துகள்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது படத்தில் தெரியாது. சிலந்தி வலை போலவோ மரக்கிளை போலவோ மெல்லிய இழைகள் பிரிந்து போயிருந்தால் அதுதான் பூஞ்சை. அந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டு வருவது நல்லது. பூஞ்சையை ஒருவர் சுத்தம் செய்து கொடுத்தாலும், அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை ஏற்கெனவே அரித்திருந்தால் அந்தத் தழும்பு போகாது. உள்ளே புகை படிந்ததுபோல மங்கலாகத் தெரிந்தாலும் இதே முடிவுதான்.

முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருப்பதைக் காட்டி விலையைக் குறைத்தால் தயங்காமல் வாங்கலாம். வெயிலுக்கு எதிராக எடுக்கும்போது தவிர, பெரும்பாலும் அது படத்தில் தெரியாது. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அது சென்ஸாருக்குப் பக்கத்தில் இருப்பதால் பாதிப்பு அதிகம்.

அடுத்து, மவுன்ட் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்குரூக்களின் தலையைப் பார்க்க வேண்டும். ஸ்குரூ டிரைவர் வழுக்கிய தடம் இருந்தால், பழக்கமில்லாத கை அதைத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஜூம் வளையத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் சுழற்றும்போது ‘கரகர’வென்று மணல் அரைபடும் சத்தம் வரக்கூடாது. அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. சித்திரை வெயிலில் காருக்குள்ளேயே கிடந்த லென்ஸ்களில், உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி அந்தத் தகடுகளில் ஒட்டிக்கொள்வது உண்டு.

கடைசியாக, கேமராவில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு செய்தித்தாளைச் சுவரில் விரித்து ஒட்டி, அதற்கு நேரே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து ஒரு படம் எடுத்தால் போதும். நாலு மூலையிலும் எழுத்து ஒரே அளவு தெளிவாக இருக்க வேண்டும். மூன்று மூலை தெளிவாக இருந்து ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால், லென்ஸ் எங்கோ கீழே விழுந்து உள்கண்ணாடி நகர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. பிறகு கிட்டத்திலும் தூரத்திலுமாக மாற்றி மாற்றி இருபது படம். ஆட்டோ ஃபோகஸ் எங்கே தடுமாறுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இதையெல்லாம் செய்ய கால் மணி நேரம் ஆகும். “அவ்வளவு நேரம் தர முடியாது” என்கிற கடையில் வாங்காமல் இருப்பதே நல்லது.

எங்கே வேலை பார்த்த லென்ஸ்?

பழைய உரிமையாளர் எந்த ஊர், என்ன எடுத்தார் என்று கேட்பதும் அவசியம். ஜல்லிக்கட்டு வாடிவாசலுக்கு வருடா வருடம் போன லென்ஸில் புழுதி உள்ளே போயிருக்கலாம். கள்ளழகர் வைகையில் இறங்கும்போது பக்தர்கள் பீய்ச்சும் தண்ணீரில் நனைந்த லென்ஸில் ஈரம் தங்கியிருக்கலாம். ராமேஸ்வரம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருந்து வந்த லென்ஸ் என்றால் உப்புக்காற்றில் ஸ்குரூக்கள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஸ்டூடியோவுக்குள்ளேயே இருந்த லென்ஸ், வெளித்தோற்றத்தில் பழசாக இருந்தாலும் உள்ளே நன்றாக இருக்கலாம்.

எந்த லென்ஸைப் பழசாக வாங்கலாம்?

ஒரு லென்ஸுக்குள் சமாச்சாரம் எவ்வளவு குறைவோ, கெட்டுப்போக வாய்ப்பும் அவ்வளவு குறைவு. கேனானின் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸுக்குள் இருப்பது 6 கண்ணாடிகள்தான். கல்யாண வீடுகளில் எல்லோரும் ஆசைப்படும் கேனான் 70-200 எஃப் 2.8, இரண்டாம் தலைமுறை ஐ.எஸ். லென்ஸுக்குள் 23 கண்ணாடிகள் இருக்கின்றன. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர், அதற்குத் தனி மோட்டார் எல்லாம் சேர்த்தி. முதலாவதைச் சோதித்துப் பார்த்துத் துணிந்து வாங்கலாம். இரண்டாவது மாதிரியான லென்ஸை, எழுத்தில் வாரன்ட்டி இல்லாமல் வாங்குவது சூதாட்டம்.

விலை ஏன் இப்போது இறங்கியிருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கேனானும் நிக்கானும் 2018-ல் மிரர்லெஸ் கேமராக்களுக்கெனப் புது மவுன்ட்டைக் கொண்டுவந்தன. அதற்குப் பிறகு பலரும் புதியதற்கு மாறி, 1987-ல் இருந்து வந்த கேனானின் ‘ஈ.எஃப்’ வகை லென்ஸ்களை விற்கத் தொடங்கினார்கள். அடாப்டர் வைத்தால் அந்தப் பழைய லென்ஸ் புது கேமராவிலும் வேலை செய்யும். புது ‘ஆர்.எஃப்’ லென்ஸோ பழைய கேமராவில் மாட்டாது. பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை இன்னும் சில வருடம் ஓட்டப் போகிறவருக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால், உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்கு நாளாக நாளாக உதிரி பாகம் கிடைப்பது அரிதாகும். சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

நிக்கானில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘ஏ.எஃப்-டி’ என்ற பழைய வகை லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் மோட்டார் கிடையாது, கேமராவில் இருக்கும் மோட்டார்தான் ஃபோகஸைத் திருப்ப வேண்டும். டி3500, டி5600 போன்ற கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. மாட்டினால் மாட்டும், ஆட்டோ ஃபோகஸ் மட்டும் வேலை செய்யாது. தாலி கட்டும் நேரத்தில் கையால் ஃபோகஸ் திருப்பிக்கொண்டிருக்க முடியுமா?

பில் எங்கே?

சீரியல் நம்பர் எழுதிய ஜி.எஸ்.டி. பில், எத்தனை நாள் வாரன்ட்டி, வாரன்ட்டியில் எதெல்லாம் அடக்கம், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் ஆகிய நான்கும் எழுத்தில் வேண்டும். பில்லில் இருக்கும் நம்பரும் லென்ஸில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று கடையிலேயே ஒத்துப் பார்த்துவிட வேண்டும். திருட்டு லென்ஸ் கைக்கு வந்தால் காசும் போகும், அலைச்சலும் மிஞ்சும்.

பில் இருந்தால் சட்டமும் துணைக்கு வரும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, டெல்லிக் கடையிலிருந்து ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். கே.கே. நகர்க்காரர் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம் என்று அர்த்தம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘தொழிலுக்கு வாங்கினவங்க நுகர்வோர் இல்லை’ என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பில் இல்லாமல் தனி நபரிடம் கைமாற்றாக வாங்கியவருக்கு இந்தக் கதவு திறப்பது கஷ்டம்.

சரி, வாங்கலாமா?

அது தேவையைப் பொறுத்தது. வண்டியூர் கண்மாய்க்கு வரும் பறவைகளையும், அரிட்டாபட்டி மலையில் வட்டமிடும் வல்லூறுகளையும் ஞாயிற்றுக்கிழமை போய் எடுக்கிறவருக்கு, சோதித்து வாங்கிய ரீஃபர்பிஷ்டு லென்ஸ் நல்ல பேரம். ஒரு நாள் மக்கர் செய்தால் பறவை போகும், அவ்வளவுதான். அடுத்த வாரம் வேறு பறவை வரும்.

கல்யாணம் எடுக்கிறவர் கணக்கு வேறு. முகூர்த்தம் மறுபடி வராது. கே.கே. நகர் மகள் மிச்சப்படுத்தப் பார்ப்பது 18,000 ரூபாய். குறைந்தது ஆறு மாத வாரன்ட்டி எழுத்தில் கிடைத்து, லென்ஸ் சோதனையில் தேறினால் அந்த 18,000 உண்மையான மிச்சம்தான். வளையலும் சீக்கிரம் வீட்டுக்குத் திரும்பும். பத்து நாள் வாரன்ட்டி மட்டும்தான் என்றால், அது மிச்சமல்ல, கடைக்காரர் தன் தலையிலிருந்து இறக்கி அவள் தலையில் ஏற்றும் பாரம். அதற்குப் பதில் இந்த சீசனையும் வாடகை லென்ஸிலேயே ஓட்டிவிட்டு, கையில் சேரும் பணத்தோடு அடுத்த வருடம் வாங்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எதை வாங்கினாலும் முதல் வேலை கல்யாணமாக இருக்கக்கூடாது. திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் சொந்தக்கார வீட்டுப் பிறந்தநாள், காதுகுத்து என்று இரண்டு விசேஷமாவது எடுத்துப் பார்த்துவிட வேண்டும். கோளாறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அத்தை கோபித்துக்கொண்டாலும் மறந்துவிடுவார். பெண் வீட்டார் மறக்க மாட்டார்கள்.

வாங்கிய பிறகு பீரோவுக்குள் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் தோல் உறையோடு பூட்டி வைப்பது, ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சைக்கு விருந்து வைப்பதற்குச் சமம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். அந்த மீட்டர் 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் போதும். லென்ஸ் அடுத்தவர் கைக்குப் போகும் நாளில், அவர் டார்ச் அடித்துப் பார்க்கும்போதும் கண்ணாடி தெளிவாகவே இருக்கும்.