ஒரு கிலோமீட்டர் தொலைவு

உட்லண்ட்ஸ் கடலோரப் பூங்காவில் நின்றால் ஜொகூர் பாருவின் கட்டடங்கள் தெளிவாகத் தெரியும். இடையிலுள்ள கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்ததும், அந்த ஒரு கிலோமீட்டர் கடக்க முடியாத தொலைவாயிற்று. விடியுமுன் எழுந்து, சோதனைச்சாவடியில் வரிசை பிடித்துச் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு வந்துகொண்டிருந்த மாணவர்கள் உடனே முடிவெடுக்க வேண்டியிருந்தது. பெற்றோருடன் இருந்தால் பள்ளிக்கு வர இயலாது. பள்ளிக்கு வந்தால் உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்க வேண்டும். தரைவழி எல்லை முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1ஆம் தேதி ஆயிற்று. பதின்ம வயதில் ஈராண்டு என்பது சிறிய காலமன்று.

குடும்பத்தோடு இருந்த மாணவர்களும் வேறு வகையில் தனிமைப்பட்டார்கள். ஏப்ரல் 7ஆம் தேதி நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியது. மறுநாள் முதல் எல்லாரும் வீட்டிலிருந்தே கற்றனர். கணினி இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிகள் பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகளையும் கைக்கணினிகளையும் இரவல் கொடுத்தன. விரைந்து செய்யப்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால், வீட்டுக்கு வந்து சேர்ந்தது பாடம் மட்டுமே. சிற்றுண்டிச்சாலைப் பேச்சும், பேருந்துப் பயணமும், இணைப்பாட நடவடிக்கைகளும் வரவில்லை. மூவறை வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் அப்பாவின் அலுவலகம், மறுமுனையில் தம்பியின் வகுப்பு, நடுவே பாட்டியின் தொலைக்காட்சி என்றிருந்தால், மனத்திலுள்ளதைத் தோழியிடம் சொல்வதற்கு ஏது இடம்? வழக்கமாகப் பிள்ளைகள் ஒதுங்கும் அடுக்குமாடிக் கீழ்த்தளத்திலும் விளையாட்டுத் திடலிலும் தடுப்பு நாடா கட்டப்பட்டிருந்தது.

“இளையர்கள்தாம் எப்போதும் திறன்பேசியோடு இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன குறை?” என்று கேட்ட பெரியவர்கள் உண்டு. ஏற்கெனவே உள்ள நட்பைத் தொடரத் திறன்பேசி உதவும். புதிய நட்பைத் தொடங்க அது எளிதில் உதவாது. அவ்வாண்டு உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்கள் புதிய பள்ளியில் மூன்று மாதங்கள் மட்டுமே பழகியிருந்தார்கள். 2021 மே மாதத்தில் வெளியிடங்களில் இருவர் மட்டுமே ஒன்றுகூடலாம் என்ற விதி வந்தபோது இன்னொரு சிக்கல் எழுந்தது. மூன்று நண்பர்கள் உள்ள குழுவில் யாரை விடுவது? பெரியவர்களுக்கு அது வெறும் எண். விடுபட்ட பிள்ளைக்கு அப்படியன்று.

கொள்ளைநோயின் முதல் ஆண்டில் உலக அளவில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு கூடியதாக உலகச் சுகாதார நிறுவனம் தெரிவித்தது. சிங்கப்பூரில் மனநலக் கழகம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், 15 முதல் 35 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் கடுமையான மனச்சோர்வு, பதற்றம் அல்லது மன உளைச்சலுக்கு ஆளாகியிருந்தார். இதற்குக் கிருமித்தொற்று மட்டுமே காரணம் என்று சொல்ல இயலாது. சமூக ஊடகங்களில் அளவுக்கு மீறி மூழ்குவதும் ஒரு காரணம் என அவ்வாய்வு சுட்டியது. அந்தப் பழக்கம் பலருக்கு வேரூன்றியது வீட்டுக்குள் அடைபட்டிருந்த மாதங்களில்தானே!

கட்டுப்பாடுகள் முதியவர்களின் உயிரைக் காத்தன. அதை யாரும் மறுக்க முடியாது. எதை முதலில் தளர்த்துவது என்பதில்தான் இளையர்களின் தேவை பின்னுக்குப் போனது. 2020 ஆகஸ்ட் 17 முதல், பணிக்காக எல்லை கடப்போர் சில மாதங்களுக்கு ஒருமுறை வீடு சென்று திரும்பத் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. பொருளியலுக்கு அது தேவைதான். மறுபடியும் ஒரு நாள் கடற்பாலம் மூடப்படுமானால், அத்தகைய ஏற்பாட்டின் முதல் வரிசையில் பள்ளிச் சீருடை அணிந்தவர்கள் நிற்க வேண்டும்.